தேடுவார் கவனத்திற்கு

நம் கல்லூரி மாணாக்கருட் பலர் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு முதலிய ஊர்களினின்று வருபவர். தோல் பதனிடுந் தொழிலால் வாழ்வு பெற்ற குடும்பத்தினர். அத்தொழிலையும், அதனாற் பாலாற்றுக்கு நேர்ந்த கேட்டையும் குறித்துக் கட்டுரை வரையப் புகின், அவர் முதலில் நாடுவது இணையத் தேடுபொறியையே. அது தவறன்று. முதற்பக்கத்தில் வந்ததையே முடிந்த முடிபாகக் கொண்டு, வேண்டியது கிட்டாவிடத்துப் பொறியைப் பழிப்பதே தவறு. நல்ல பொறி வேண்டும். அதற்கு முன் நல்ல வினா வேண்டும் என்பதே நம் கருத்து.

"தோல்" என்று மட்டும் இட்டுத் தேடின், சரும நோய்க்கு மருந்து சொல்வோரே முன்வந்து நிற்பர். பொறி என் செய்யும்? நம் மொழி இரண்டையும் ஒரு சொல்லாற் குறிக்கின்றது. "தோல் பதனிடுதல்" என்று இரட்டை மேற்கோட் குறிகளுக்குள் இட்டுத் தேடுக. "பாலாறு" உருபேற்குங்கால் "பாலாற்றில்", "பாலாற்றை" எனத் திரியும்; அவ்வடிவங்களையும் இட்டுப் பார்த்தல் நலம்.

பெயர்கள் காலத்தோடும் மாறுவன. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் நம் மாவட்டம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் எனப்படுகின்றது. ஆம்பூரோ 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. இம்மாற்றங்களை அறியாது தேடுவோன் பாதியே காண்பான்.

பொருளுக்கேற்ற பொறியைத் தெரிதலும் வேண்டும். மேற்கூறிய தீர்ப்பைப் பற்றிப் பிறர் எழுதிய சுருக்கங்களைக் கூகிளோ பிங்கோ தரும். இக்காலத்தே செயற்கை நுண்ணறிவும் தன் சுருக்கத்தை முன்வைக்கும். தீர்ப்பையே படிக்க விழைவோன் 2008-ல் தோன்றிய இந்தியன் கானூன் என்னும் சட்டத் தேடுதளத்திற்குச் செல்க. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ பாழ்பட்டது என்பதையும், அவ்வெண் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் ஆய்விற் கண்டது என்பதையும் ஆங்கே காணலாம். எண்ணை அறிதல் எளிது. அதனைக் கூறினார் யாவர் என அறிதலே கல்வி. பழந்தமிழ் நூல் வேண்டுவோர்க்கு 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் உளது.

இவ்வளவு தேடியும் கிட்டாதன சில உண்டு. எந்த ஆண்டில் நம் ஊர்க் கிணற்று நீர் உவர்த்தது? எந்தக் கழனியில் நெல் விளைவது நின்றது? தொட்டியில் இறங்கி வேலை செய்தோர் கைகள் என்னவாயின? எழுதப்படாததை எப்பொறியும் கண்டெடுக்காது. இவற்றிற்கு விடையறிந்தோர் நம் இல்லங்களில் முதுமையுற்று இருக்கின்றனர். விடுமுறையில் வீடு செல்லும் மாணாக்கர் அவர்பால் அமர்ந்து கேட்பாராக. கேட்டதை நாளும் ஊரும் குறித்துத் தமிழில் எழுதி வைப்பாராக. நாளை தேடுவோன் ஒருவன் அதனைக் கண்டு பயன் பெறுவான்.