கயாக்கிங்: ஒரு ரவுண்டு போதாது, தண்ணியைப் பழகணும்!

ஈசிஆரில் முட்டுக்காடு பாலத்தைக் கடக்கும்போது நம்மில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். கார் கண்ணாடியை இறக்கி ஒரு போட்டோ. பாலத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே விரிந்து கிடக்கும் உப்பங்கழி. இந்தத் தண்ணீரில் நாமே துடுப்புப் போட்டுப் போகலாம் என்று பலருக்கும் தோன்றுவதே இல்லை. கயாக்கிங் என்றாலே கோவா, ரிஷிகேஷ், அந்தமான் என்று கூகுளில் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

முதலில், கயாக் என்றால் என்ன? ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் வேட்டைக்காகத் தோலில் செய்த ஒல்லிப் படகின் வாரிசு இது. துடுப்பின் இரண்டு முனையிலும் தட்டை இருக்கும். இடம், வலம் என மாற்றி மாற்றிப் போட வேண்டும். நம்மூரில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் ரகம். கவிழ்ந்தாலும் படகு மிதக்கும், நீங்களும் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் சரி.

என் குறை வேறு. கயாக்கிங்கை நாம் ‘ஆக்டிவிட்டி’யாக வாங்குகிறோம். அரை மணி நேரம், ஒரு லைஃப் ஜாக்கெட், நாலு ரீல்ஸ், முடிந்தது. ஜெயன்ட் வீலில் ஏறி இறங்குவது மாதிரி. துடுப்பை எப்படிப் பிடிப்பது என்றுகூட யாரும் சொல்லித்தருவதில்லை, நாமும் கேட்பதில்லை. மறுநாள் தோள்பட்டை வலி. காரணம் எளிது: கையால் மட்டும் இழுக்கிறோம். இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பிப் போட்டால் முதுகும் வயிறும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். இது பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம்.

காற்றைப் படிக்கத்தான் நாளாகும். சென்னைக் கோடையில் காலையில் காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் அடிப்பது சகஜம். அப்போது கரையோரம் கண்ணாடி மாதிரி இருக்கும். பார்த்தால் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் அதே காற்று உங்களைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டே போகும். திரும்பிப் பார்க்கும்போதுதான் கரை எவ்வளவு தூரம் என்று புரியும். பகல் ஏற ஏற கடல்காற்று எழும், தண்ணீர் கலையும். கழிமுகத்தில் ஓதமும் சேர்ந்துகொள்ளும். நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்தை நோக்கி இழுப்பு இருக்கும். ஆகவே பழைய விதி ஒன்று: போகும்போது காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராகப் போ, களைத்துத் திரும்பும்போது அவை உன்னைக் கொண்டுவரட்டும்.

இதையெல்லாம் ஒரு ரவுண்டில் கற்க முடியாது. அதே தண்ணீருக்கு நாலைந்து முறை போக வேண்டும். கழியில் வலை போடும் மீனவரிடமும், கையால் இறால் பிடிக்கும் இருளரிடமும் “அண்ணே, இன்னிக்குத் தண்ணி எப்படி?” என்று கேட்கப் பழக வேண்டும். அவர்களின் வலை மிதவைகளுக்கு மேலே படகை விடாமல் சுற்றிப் போகவும்தான். அது அவர்களின் பிழைப்பு, நமக்கு ஞாயிற்றுக்கிழமை.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி, 2021, 2022 ஆகிய ஒவ்வோர் ஆண்டும் இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 35 ஆயிரத்துக்கும் மேல். நீச்சல் தெரியாதவரும் கயாக் ஓட்டலாம், ஆனால் “வெக்கையா இருக்கு, கழட்டிடவா?” என்ற பேச்சே கூடாது. ஜாக்கெட்டை மாட்டிய பிறகு, கூட இருப்பவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் பட்டை தளர்வு. கவிழ்ந்தால் படகை விடாதீர்கள், கரைக்கு நீந்த முயலாதீர்கள். நல்ல பயிற்சியாளர் என்றால் ஆழம் குறைந்த இடத்தில் உங்களை வேண்டுமென்றே கவிழ்த்து, திரும்ப ஏறச் சொல்வார். அப்படிச் சொல்லாத இடத்துக்கு நான் போக மாட்டேன்.

தண்ணீரைப் பழகியவர்கள் அதிகமானால் தண்ணீருக்கும் நல்லது என்று நினைக்கிறேன். 1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றில் துடுப்புப் போடுகிறது. நகரத்தின் மற்ற எல்லோருக்கும் அந்த ஆறு, பாலத்தின் மேலே மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடம். சேத்துப்பட்டு ஏரியை மீன்வளத் துறை பூங்காவாக்கி 2016-இல் திறந்த பிறகு, அங்கே டிக்கெட் எடுத்து யார் வேண்டுமானாலும் படகில் போகலாம். படகு ஓடுகிற ஏரியில் யாராவது குப்பை கொட்டினால், ‘ஏன்’ என்று கேட்க ஆள் இருக்கும். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் கயாக் விடுகிறார்கள். அந்த மரங்கள் நின்றால்தான் ஊருக்கு வருமானம் என்று ஆகிவிட்டது. பெரிய ரிசார்ட்டுகளைவிட இந்த மாதிரிதான் நமக்குத் தேவை. ஏரிக்கரையில் ஒரு படித்துறை, பத்துப் படகு, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் நாலு பேர். மாநகராட்சிக்கு இது பெரிய செலவா என்ன?

வடகிழக்குப் பருவமழையின்போது போகாதீர்கள். வெள்ளம் வடியும் கழியில் இழுப்பு அதிகம், கழிவுநீரும் கலந்து வரும். மழை ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் மார்ச் வரை காலை ஆறரைக்குப் போனால் வெயிலும் காற்றும் தொந்தரவு செய்யாது. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும். போனுக்கு வாட்டர்ப்ரூஃப் பை போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ரீல்ஸ் எடுப்பதை மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.