நம் பிள்ளையின் படம் யார் கையில்?

ஆண்டுவிழா நாளில் லயத்துத் தாய்க்கு அரைநாள் கூலி போகிறது. போனால் போகட்டும் என்று கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிறாள். மேடையில் மகள் ஆடுகிறாள். செல்போனைத் தூக்கியதும், "பெற்றோர் படம் எடுக்கக் கூடாது" என்று ஒலிபெருக்கி அதட்டுகிறது. அவள் கையை இறக்கிக்கொள்கிறாள். மறுநாள் அதே மகளின் படம், பெயரோடும் வகுப்போடும், பள்ளியின் பேஸ்புக் பக்கத்தில் ஊருக்கெல்லாம் தெரிகிறது. பெற்றவளுக்கு மறுத்ததை உலகத்துக்கு வாரி வழங்குகிறார்கள்! இது என்ன நியாயம் என்று நம் குடும்பங்கள் கேட்கின்றன. நாமும் கேட்கிறோம்.

அற்ப விஷயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டங்களிலும், கொழிஞ்சாம்பாறை, முதலமடைத் தோப்புகளிலும் உழைக்கும் நமக்குப் படம் என்பது ஆடம்பரம் அல்ல. தேனியிலும் திருநெல்வேலியிலும் இருக்கிற பாட்டிக்குப் பேத்தியின் முகம் அது. திருப்பூரில் வேலை செய்யும் தகப்பனுக்கு அதுதான் ஆண்டுவிழா. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை வாரிக்கொண்டு போனபோது 70 உயிர்களைப் பறிகொடுத்தோம். அந்த வீடுகளின் சுவரில் மாட்டியிருந்த படங்களும் மண்ணுக்குள் போயின. பிள்ளையின் படத்துக்கு என்ன விலை என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

ஆனால், கட்டுப்பாடே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த மாநிலப் பள்ளிக் கலோல்சவத்தில், ஒப்பனை ஆடிய மாணவியைக் குறித்து ஒரு தொலைக்காட்சியில் இரட்டை அர்த்தம் தொனிக்கப் பேசியதாகப் புகார் எழுந்தது. மாநிலக் குழந்தை உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து தலையிட்டது. போக்சோ சட்டத்தின்படி வழக்கும் பதிவாயிற்று. அவ்வழக்கின் நியாயம் நீதிமன்றத்தின் பாடு. மேடையில் ஆடும் பிள்ளையை எந்தக் கண் எப்படிப் பார்க்கும், அந்தப் படம் எங்கெங்கே போகும் என்பது நம் கையில் இல்லை என்பதை மட்டும் அது நமக்குக் காட்டியது. அதே கலோல்சவத்தில்தான் இருளர் நடனமும், பளியர் நடனமும், மலைப்புலையர் ஆட்டமும் முதன்முறையாகப் போட்டியில் சேர்க்கப்பட்டன. அட்டப்பாடிப் பிள்ளையும் இடுக்கிப் பிள்ளையும் மேடையேறியது நமக்குப் பெருமை. அந்தப் பிள்ளைகள் வேடிக்கைப் பொருளாகிவிடக் கூடாது என்பது நம் கவலை. குடிகாரக் கணவனுக்குப் பயந்து குழந்தையோடு ஒதுங்கி வாழும் தாயும் நம்மிடையே இருக்கிறாள். பள்ளியின் பெயரோடு ஒரு படம் வெளியானால் அவள் இருக்குமிடம் அம்பலமாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. தனிநபர் தம் சொந்த, குடும்பத் தேவைக்குக் கையாள்வதற்கு அச்சட்டம் பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன; முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டனிலும், குடும்பத்துக்காகப் பெற்றோர் எடுக்கும் படத்தைத் தரவுச் சட்டம் தடுப்பதில்லை என்று அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் தெளிவாக்கியிருக்கிறது. ஆக, தாய் தன் மகளைப் படம் எடுப்பது வேறு. நிறுவனம் அதை ஊரறியப் பரப்புவது வேறு. சம்மதம் கேட்க வேண்டியது இரண்டாவதற்கு. நம் பக்கத்திலோ முதலாவதைத் தடுத்துவிட்டு இரண்டாவதைத் தாராளமாகச் செய்கிறார்கள்.

சம்மதம் வாங்கியாயிற்று என்று சிலர் ஒரு தாளைக் காட்டக்கூடும். அந்தத் தாள் எந்த மொழியில் இருக்கிறது? தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாயிடம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அதற்குப் பெயர் சம்மதம் அல்ல. கேரளத் தமிழர் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறலாம் என்று 1969ஆம் ஆண்டுச் சட்டமே வகை செய்தது. அலுவலகக் கடிதத்துக்குப் பொருந்திய நியாயம் நம் பிள்ளையின் முகத்துக்குப் பொருந்தாதா?

நாம் கேட்பவை நான்கே. பெற்றோர் தம் பிள்ளையைப் படம் எடுக்க, நிகழ்ச்சி முடிந்ததும் மேடையில் ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். பள்ளியோ, வீடியோக் கடைக்காரரோ, உள்ளூர் கேபிள்காரரோ படத்தை வெளியிடும் முன் எழுத்து மூலம் சம்மதம் பெற வேண்டும். அந்தப் படிவம் தமிழிலும் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்ன வீட்டுப் பிள்ளையை ஆட்டத்திலிருந்து நீக்கக் கூடாது. வெளியிட்ட படத்தை எடுக்கச் சொன்னால் உடனே எடுக்க வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. நாம் எடுத்த படத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையும் நிற்கிறது. அதன் தாயைக் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, நாம் எதைக் குற்றம் என்கிறோமோ அதையே நாமும் செய்வதாகும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குக் கூலி போனாலும் போங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வராதீர்கள். எழுந்து நின்று, தமிழிலேயே கேளுங்கள்.