கப்பலின் எடையும் கடலின் விலையும்

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று படித்து வளர்ந்த நாம், கடலுக்காக இரங்குவதில் என்றும் குறை வைத்ததில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றி எரிந்து, ஜூனில் மூழ்கியபோதும் இரங்கினோம். கரை மணலை மூடிக் கிடந்த பிளாஸ்டிக் குருணைகளையும், ஒதுங்கிய ஆமைகளின் உடல்களையும் படங்களில் கண்டு கலங்கினோம். பிறகு வேறு துயரங்களுக்கு நகர்ந்துவிட்டோம். கடலைக் கெடுத்தவர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கேள்வி வக்கீல்களின் பாடு, இலக்கிய வாசகனுக்கு அதில் வேலையில்லை என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தோடுதான் நமக்கு வழக்கு.

நடந்ததை நினைவுகூர்வோம். சிங்கப்பூர்க் கொடியுடன் சென்ற அக்கப்பல் சேவைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஏற்றியிருந்த 1,486 கொள்கலன்களில் 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. அமிலம் கசிவது கொழும்பை அடையுமுன்பே தெரிந்துவிட்டது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசிராவிலும் அந்தக் கொள்கலனை இறக்க அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை. கசிந்தபடியே பயணம் தொடர்ந்தது. முடிவில் சுமார் 1,680 டன் குருணைகள் கடலில் கலந்தன. மேற்குக் கரையின் மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் கரையில் நின்றார்கள். இத்தனை முன்னறிவிப்போடு வந்த ஒன்றை 'விபத்து' என்று சொல்லிக் கடந்துபோக நமக்கு மனம் ஒப்பவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். 2023 ஜூலையில் லண்டன் நீதிமன்றம் கப்பல் தரப்பின் பொறுப்புக்கு வைத்த உச்சவரம்பு ஏறக்குறைய 1.9 கோடி பவுண்டு, அதாவது சுமார் 2.5 கோடி டாலர். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் செலுத்தச் சொன்ன இழப்பீடு 100 கோடி டாலர். அதைச் செலுத்தப்போவதில்லை என்று அதே ஆண்டு செப்டம்பரில் கப்பல் நிறுவனத் தலைவர் அறிவித்தார். ஒரே கப்பல், ஒரே தீ. தொகைகளுக்கிடையே நாற்பது மடங்கு வேறுபாடு. காரணம் எளிது. கொழும்பு அழிவை அளந்தது. லண்டன் கப்பலை அளந்தது.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. 1976இன் லண்டன் உடன்படிக்கை வகுத்த முறையே அதுதான். கப்பல் எத்தனை டன் என்பதை வைத்தே உரிமையாளரின் உச்சப் பொறுப்பு முடிவாகிறது. அவர் வேண்டுமென்றோ, விளைவை அறிந்தே துணிந்தோ தாமே தவறிழைத்தார் என்று நிறுவினாலொழிய அந்த வரம்பை உடைக்க முடியாது. இந்தச் சலுகையின் வேர் 1734ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தில் இருக்கிறது. மரக்கலத்தில் வணிகம் செய்தவனைத் திவாலிலிருந்து காக்கப் பிறந்த ஏற்பாடு, ஆயிரக்கணக்கான கொள்கலன்களைச் சுமக்கும் இரும்பு மலைகளுக்கும் இன்றுவரை குடை பிடிக்கிறது.

வரம்பு இல்லாவிட்டால் காப்பீடு கிடைக்காது, கப்பல் ஓடாது, அரிசி முதல் மருந்து வரை விலை ஏறும் என்பார்கள். இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் எண்ணெய்க்கு உலகம் செய்தது என்ன? 1967இல் டோரி கேன்யன் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கே பாறையில் மோதி, சுமார் 1,20,000 டன் கச்சா எண்ணெயோடு அழிந்தது. அமெரிக்கச் சட்டப்படி உரிமையாளர் தரப்பின் பொறுப்பு, எஞ்சிய ஒரேயொரு உயிர்காப்புப் படகின் விலையான 50 டாலர்! அந்த அவமானத்திலிருந்துதான் 1969, 1971 உடன்படிக்கைகள் பிறந்தன. தவறை நிரூபிக்காமலேயே பொறுப்பு, கட்டாயக் காப்பீடு, அதற்கும் மேற்பட்ட இழப்புக்கு எண்ணெயைப் பெறும் நிறுவனங்கள் பணம் செலுத்தும் பொது நிதியம். அங்கும் வரம்பு உண்டு. ஆனால் வரம்புக்கு ஈடாகப் பாதிக்கப்பட்டவனுக்கும் ஏதோ கிடைத்தது.

பிளாஸ்டிக் குருணைக்கு அப்படி ஒரு நிதியம் இல்லை. 2021இல் அது கடல்வழி அபாயச் சரக்குப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை. 2024இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு தந்தவை கட்டாயமற்ற பரிந்துரைகள். ஆக, பேரத்தில் உரிமையாளருக்கு வரம்பு; மீனவனுக்கு வெறும் மணல். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் லைபீரியக் கொடியுடன் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது, அதன் குருணைகள் கன்னியாகுமரிக் கரைக்கும் வந்து சேர்ந்தன. இனி இது அயலான் துயரமென்று சொல்லவும் வழியில்லை.

குருணையை அபாயச் சரக்காக அறிவிப்பதும், பிளாஸ்டிக் வணிகத்தில் லாபம் பார்ப்பவர்கள் பணம் செலுத்தும் நிதியத்தை அமைப்பதும், கசியும் கப்பலைத் துறைமுகங்கள் ஒன்றன்மேல் ஒன்று தள்ளிவிடாதபடி விதி செய்வதும் முடியாத காரியங்கள் அல்ல. எண்ணெய்க்கு முடிந்தது இதற்கும் முடியும். அதைக் கேட்கும் குரல்களில் எழுதுகிறவர்களின், வாசிக்கிறவர்களின் குரலும் சேர வேண்டும் என்பதே நம் கோரிக்கை. கடலுக்காக இரங்குவோம், கூடவே அந்த உடன்படிக்கைகளையும் வாசிப்போம். நம் கடலுக்கு அவற்றில்தான் விலை எழுதப்பட்டிருக்கிறது.