விஸ்கி பாட்டிலில் இருப்பது தானியமா, கரும்பா? கணக்கு போடுவது எப்படி? - விரிவான அலசல்

பிரிட்டனுடன் இந்தியா 2025 ஜூலை 24-ல் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் அதிகம் பேசப்பட்ட ஒரு சரக்கு, ஸ்காட்ச் விஸ்கி. 150% இருந்த இறக்குமதி வரி முதலில் 75% ஆகவும், பத்து ஆண்டுகளில் 40% ஆகவும் குறையும் என்பது ஒப்பந்தம். அதே 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் போர்பன் விஸ்கிக்கும் வரி 150%-லிருந்து 100% ஆனது.

தி.நகரிலும் அடையாறிலும் உள்ள டாஸ்மாக் கடை அலமாரியில் இந்த வெளிநாட்டு பாட்டில்களும் உள்ளூர் பாட்டில்களும் பக்கத்து பக்கத்தில்தான் நிற்கின்றன. எல்லாவற்றிலும் 'விஸ்கி' என்றே எழுதியிருக்கு. ஆனால் உள்ளே இருப்பது ஒன்றா? பார்க்கலாம்.

தானியக் கணக்கு என்றால் என்ன?

விஸ்கி என்பது தானியத்தை வேகவைத்து, புளிக்க வைத்து, காய்ச்சி வடிப்பது. எந்தத் தானியம் எவ்வளவு என்ற பட்டியலுக்கு 'மேஷ் பில்' என்று பெயர். இதில் விகிதம் எடையில்தான் பார்க்கப்படும், லிட்டரில் அல்ல.

உதாரணமாக 1,000 கிலோ தானியம் போடுறாங்கன்னு வைத்துக்கொள்வோம். 700 கிலோ மக்காச்சோளம், 180 கிலோ ரை, 120 கிலோ முளைகட்டிய பார்லி என்றால், விகிதம் 70-18-12. அமெரிக்கச் சட்டப்படி போர்பனில் மக்காச்சோளம் குறைந்தது 51% இருக்க வேண்டும். ரை விஸ்கி என்றால் ரை 51%. ஸ்காட்லாந்தின் சிங்கிள் மால்ட் என்றால் முழுக்க முளைகட்டிய பார்லி மட்டுமே.

பார்லி கொஞ்சமாவது எதுக்கு? முளைவிட்ட பார்லியில் உள்ள என்சைம்தான் மற்ற தானியங்களின் மாவுச்சத்தை சர்க்கரையாக மாற்றுகிறது. சர்க்கரை இல்லாவிட்டால் ஈஸ்ட்டுக்கு வேலை இல்லை.

எடை போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தானியத்தில் ஈரம் கூடினால் எடை கூடும், மாவுச்சத்து கூடாது. அதனால் எடையோடு ஈரப்பதத்தையும் அளக்கிறார்கள்.

அப்போ நம்ம ஊர் விஸ்கி?

இங்கேதான் விஷயமே இருக்கு. இந்தியாவில் விற்கும் விலை குறைந்த விஸ்கிகளின் அடிப்படை, ஈ.என்.ஏ எனப்படும் சுத்திகரித்த ஆல்கஹால். இது அரிசிக் குருணை, மக்காச்சோளம் போன்ற தானியத்திலிருந்தும் வரலாம். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்தும் வரலாம். அதில் மால்ட் விஸ்கியோ, சுவையூட்டியோ, நிறமோ சேர்க்கப்படுகிறது.

ஐரோப்பிய யூனியன் விதிப்படி தானியத்தில் வடித்து, மரப்பீப்பாயில் 3 ஆண்டாவது ஊறினால்தான் அது விஸ்கி. மொலாசஸ் சரக்கை அங்கே அந்தப் பெயரில் விற்க முடியாது.

அதற்காக இந்திய விஸ்கி எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல முடியாது. பெங்களூருவின் அம்ருத் நிறுவனம் 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்தது. கோவாவின் பால் ஜான், ஹரியானாவின் இந்த்ரி ஆகியவையும் அதே வரிசையில் வந்தவை.

பாட்டிலை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

குடித்துப் பார்த்துச் சொல்வது கஷ்டம். ஆய்வகத்தில் ஓரளவு முடியும். கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் ஒன்று. பார்லி, அரிசி, கோதுமை எடுக்கும் விதம் வேறு. ஆல்கஹாலில் கார்பன்-13 அளவைப் பார்த்தால் மூலப்பொருள் எந்தக் கூட்டம் என்று தெரிந்துவிடும். ஆனால் கரும்பும் மக்காச்சோளமும் ஒரே கூட்டம் என்பதால், அந்த இரண்டையும் இந்தச் சோதனை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் ஆலைக்குள் வரும் மூட்டைக் கணக்கு முக்கியம்.

வாங்குபவர் என்ன பார்க்கலாம்?

இந்தியாவில் மதுபானத் தரத்துக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ விதிகள் 2019 ஏப்ரல் முதல் அமலில் உள்ளன. 'சிங்கிள் மால்ட்' என்று போட்டால் ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்ததாக இருக்க வேண்டும். 'கிரெய்ன் ஸ்பிரிட்' என்று இருந்தால் தானிய ஆல்கஹால். வெறும் 'நியூட்ரல் ஸ்பிரிட்' என்று மட்டும் இருந்தால், அது தானியமா மொலாசஸா என்பது அந்த வார்த்தையில் தெரியாது. எத்தனை சதவீதம் எது என்ற கணக்கும் பெரும்பாலான லேபிள்களில் இருப்பதில்லை.

வெளிநாட்டு வரி குறைந்தாலும் டாஸ்மாக் விலை அதே அளவுக்கு இறங்கிவிடும் என்று சொல்ல முடியாது. மாநில அரசின் ஆயத்தீர்வையும் வாட் வரியும் தனி. ஆனால் விலை வித்தியாசம் சுருங்கச் சுருங்க, 'இந்தக் காசுக்கு உள்ளே என்னதான் இருக்கு' என்ற கேள்வி பெரிதாகும். பதில் சொல்ல வேண்டியது லேபிள்தான்.

ஒன்று மட்டும் மாறாது. தானியமோ கரும்போ, 42.8% அளவுள்ள 180 மி.லி குவார்ட்டரில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 77 மி.லி. கல்லீரலுக்கு மேஷ் பில் தெரியாது.