பில் இல்லாத மாத்திரையும் பெரிய பெரிய கணக்கும்



போன வாரம் காலேஜில் ஒரு கருத்தரங்கம். இனிமேல் எல்லாருக்கும் ஒரே வைத்தியம் கிடையாதாம். நம்ம வயசு, மரபணு, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே படித்து, அவரவருக்கு ஏற்ற சிகிச்சையைச் சொல்லுமாம். எல்லாரும் கை தட்டினோம். பாகூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: எங்க ஆயாவோட ரிப்போர்ட் எங்கே இருக்கு?

ஆயாவுக்குப் பல வருஷமா சர்க்கரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். ஆனால் நடவு நாளில் கூலியை விட்டுவிட்டுப் போக முடியுமா? மருந்துக்கடையில் பத்து மாத்திரை வாங்கிக்கும். பில் கிடையாது. நோட்டில் பாதிப் பக்கம் காலி. வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போட்டால் எங்க அக்கவுண்ட்ஸ் சார் பேப்பரைத் தூக்கி எறிவார். இங்கே என்ட்ரியே இல்லை!

சின்ன விஷயம் என்று நினைக்காதீங்க. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கோவாவுக்கு (26.4) அடுத்த இடம் நமக்குத்தான். நாட்டு சராசரி 11.4.

காலி நோட்டை வைத்து கணக்குப் போட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஆகியிருக்கிறது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று சொல்ல ஆஸ்பத்திரிகளில் ஒரு மென்பொருள் ஓடியது. அது நோயை அளக்கவில்லை, மருத்துவச் செலவை அளந்தது. கறுப்பின மக்களுக்குச் செலவு செய்யப்பட்டது குறைவு. அதனால் 'இவர்களுக்கு நோய் குறைவு' என்று எடுத்துக்கொண்டது. 2019-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு இதைப் போட்டு உடைத்தது. தவறைத் திருத்தினால், கூடுதல் கவனிப்பு பெறுவோரில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்றது.

இலவச மாத்திரை வாங்குகிற எங்க ஆயாவின் செலவுக் கணக்கு? கிட்டத்தட்ட பூஜ்யம். அப்படிப்பட்ட மென்பொருளைப் பொறுத்தவரை ஆயா பரம ஆரோக்கியசாலி :-)

"அதுக்குத்தான் டிஜிட்டல் ஹெல்த் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 15-ல் ஆறு யூனியன் பிரதேசங்களில் அதை முன்னோட்டமாகத் தொடங்கியபோது புதுச்சேரியும் அதில் ஒன்று. 14 இலக்க எண் கொடுக்கிறார்கள். சரி, பேரேட்டுக்கு நம்பர் போட்டாச்சு. உள்ளே எழுதுவது யார்?

நான் டேட்டா சயன்சுக்கு எதிரி இல்லை. 2005-ல் சென்னையில் டாக்டர் மோகன் குழு உருவாக்கிய நீரிழிவு அபாய மதிப்பெண்ணும் டேட்டாதான். வயசு, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா - நாலே விஷயம். ஒரு டேப் போதும். நம்ம ஊர் ஆட்களை அளந்து போட்ட கணக்கு, அதனால் நம்ம ஊருக்குப் பொருந்துகிறது.

நான் கேட்பது இதுதான். வில்லியனூரிலும் பாகூரிலும் வேலை முடிந்து வருகிறவர்களுக்காகச் சாயங்காலமும் சர்க்கரை கிளினிக் நடக்கட்டும். சுகாதார ஊழியர் வீட்டுக்கு வந்து, கடையில் வாங்கிய மாத்திரையையும் சேர்த்து எழுதட்டும். அதற்குக் காசு ஒதுக்குங்க. அப்புறம் மரபணு வரைக்கும் போகலாம்.

முதல் என்ட்ரியே தப்பென்றால் பேலன்ஸ் ஷீட் எப்படி டேலி ஆகும்? பி.காம் மக்களே, நீங்களே சொல்லுங்க!