கண்ணு நீலமா இருந்தா போதுமா?

குற்றாலத்துல சீசன், தென்காசி முழுக்க சாரல். நம்ம தெரு அண்ணாச்சி அவங்க ஹஸ்கியை நடத்திட்டு வந்தாங்க.

"தம்பி, இவ ஹீட்டுக்கு வந்துட்டா. நீலக்கண்ணு ஆண் இருந்தா சொல்லு, கிராஸ் விடணும். அந்தக் குட்டிக்குத்தான் ரேட்டு."

வயசு? பத்து மாசம்! :(

2017ல மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, விக்கிறதுக்காக வளர்த்தா பெட்டைக்கு 18 மாசம் ஆகியிருக்கணும். வருசத்துக்கு ஒரு ஈத்து, ஆயுசுக்கே அஞ்சு. எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. சொன்னேன். "வீட்டு நாய்க்கு எதுக்குப்பா சட்டம்?"னுட்டாங்க.

சரி மக்கா, சட்டத்தை விடுங்க. சின்ன வயசுலேயே கண்ணுல புரை விழுறது ஹஸ்கிக்கு பரம்பரையா வரக்கூடிய நோய். கண்ணு நீலமான்னு கேக்குற யாரும், தாய் தகப்பன் கண்ணை டாக்டர்கிட்ட காட்டினீங்களான்னு கேக்குறதில்ல.

இங்க பக்கத்துல ராஜபாளையத்துலயும் இதே கதைதான். 2005ல தபால்தலையில வந்த நாய். பால் வெள்ளை, ரோஸ் மூக்குதான் வேணும்னு சொந்தத்துக்குள்ளயே சேர்த்துச் சேர்த்து, காது கேக்காத குட்டிக நிறைய பிறந்துச்சு. அழகுன்னு பாத்தது நாம, கஷ்டப்பட்டது குட்டிக.

இப்ப கிராஸ் விட்டா 63 நாள்ல குட்டி. அதுக்குள்ள சாரல் முடிஞ்சிரும். ரெட்டை அடுக்கு முடியோட அதுக பங்குனி வெயிலை எப்படித் தாங்கும்?

என் கருத்து: ரெண்டு வயசு ஆகட்டும், கண்ணை சோதிங்க, குட்டி போற வீட்டை முதல்லயே பாருங்க. முடியாதா, கருத்தடை பண்ணிருங்க.

அண்ணாச்சி "பாக்கலாம்"னு போயிருக்காங்க. உங்க ஊர்ல எப்படி? பின்னூட்டத்துல சொல்லுங்க.