நட்சத்திரத்தை இறக்கியாச்சு, மரத்தை என்ன செய்ய?

கிறிஸ்துமஸ் போயிற்று. புது வருஷமும் பிறந்தது. ஜனவரி 6-ந் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளும் முடிந்தது. வாசலில் தொங்கிய நட்சத்திரத்தை இறக்கியாச்சு. குடிலில் இருந்த மாதாவையும் சூசையப்பரையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாச்சு. சீரியல் பல்பு பரணுக்குப் போய்விட்டது.

மிச்சம் இருப்பது மூலையில் நிற்கும் மரம்!

பண்டிகைக்கு நாலு நாள் முன்னே வந்தபோது அது பச்சைப் பசேல். இப்போது தொட்டால் பொலபொலவென்று கொட்டுகிறது. "வீடு பூரா ஒரே குப்பை. முதல்ல இதை வெளியே தூக்கிப் போடுங்க" என்று வீட்டம்மா சத்தம் போடுகிறார். வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைமேட்டில் சாய்த்துவிட்டு வருகிறார்.

மார்கழிக் குளிர். விடியற்காலையில் குளிர்காய நாலு பேர் கூடுகிறார்கள். காய்ந்த கிளை கண்ணில் படுகிறது. ஒருவர் தீப்பெட்டியை எடுக்கிறார். ஒரு குச்சி. குபுகுபு என்று தீ. காரியம் முடிந்தது.

மற்ற ஊர்களில் முடிந்தது. அச்சங்குளத்தில்?

<b>அன்று நடந்தது</b>

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது அச்சங்குளம். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, வெள்ளிக்கிழமை, அந்த ஊரின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. அங்கிருந்த பட்டாசு ஆலை வெடித்தது. மருந்தைக் கையாளும்போது ஏற்பட்ட உராய்வுதான் காரணம் என்று முதலில் சொன்னார்கள். அறைகள் தரைமட்டம் ஆயின. காலையில் தூக்குச்சட்டியோடு வேலைக்குப் போனவர்களில் 20 பேருக்கு மேல் வீடு திரும்பவில்லை. பிரதமர் 2 லட்சம் அறிவித்தார். முதல்-அமைச்சர் 3 லட்சம் அறிவித்தார். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் கொடுக்கச் சொன்னது. போன உயிருக்குப் பணம் ஈடாகுமா என்பது வேறு விஷயம்.

"அது ஆலையில் நடந்தது. அதுக்கும் ஒரு காய்ந்த கிளைக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அன்றைக்கு யாரும் மரத்தைக் கொளுத்தவில்லை. ஆனால் வெடிமருந்துக்கு ஆலை, தெரு என்று வித்தியாசம் தெரியாது. பொறி பட்டால் அது தன் வேலையைச் செய்துவிடும்.

<b>குப்பைமேட்டைக் கிளறினால்...</b>

தென் மாவட்டங்களில் கிறிஸ்துமஸ் என்றால் கேக்கும் பாட்டும் மட்டும் அல்ல, வெடியும் உண்டு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு ராத்திரிகளில் 11.55 மணி முதல் 12.30 மணி வரைதான் வெடிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ஆம் ஆண்டு சொன்னது. முப்பத்தைந்து நிமிஷம்! அந்த அவசரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கொளுத்துகிறார்கள். பனியில் நனைந்தது, திரி அணைந்தது, புஸ் என்று போனது என்று எத்தனையோ வெடிகள் வெடிக்காமலே தரையில் கிடக்கும். விடிந்ததும் காகிதச் சிதறலோடு சேர்த்துக் கூட்டி அள்ளிப் போடுகிறார்கள். எங்கே? அதே தெருமுனைக் குப்பைமேட்டில்.

பத்து நாள் கழித்து அதன்மேல் வந்து விழுகிறது கிறிஸ்துமஸ் மரம். மரம் மட்டுமா? பனி மாதிரி தெரியட்டும் என்று ஒட்டிய பஞ்சு, கலர் பேப்பர், ஜிகினா எல்லாம் அதோடு வருகின்றன. அடியில் வெடி, மேலே பஞ்சும் காய்ந்த கிளையும். யாரோ உட்கார்ந்து யோசித்து அடுக்கினால்கூட இவ்வளவு பொருத்தமாக அடுக்க முடியாது.

அந்த மேட்டுக்கு முதலில் வருகிறவர்கள் பையன்கள். வெடிக்காத வெடியைப் பொறுக்குவது, பிரித்து மருந்தைப் பேப்பரில் கொட்டுவது, அதைக் கொளுத்திச் 'சுர்' என்று எரிவதைப் பார்ப்பது... இதைச் செய்யாத பையன் தமிழ்நாட்டில் உண்டா? பெரியவர்களும் சின்ன வயசில் செய்தவர்கள்தான். அதனால்தான் அதட்ட மனசு வருவதில்லை. மருந்து முகத்தில் அடித்தால் போவது கண்.

இன்னொன்றையும் மூடி மறைக்கக் கூடாது. இந்த வட்டாரத்தில் உரிமம் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே கருந்திரி சுற்றுகிறார்கள், வெடி கட்டுகிறார்கள். போலீசார் பிடிப்பதும் வழக்குப் போடுவதும் அடிக்கடி வருகிற செய்தி. வயிற்றுப் பாட்டுக்குச் செய்கிறார்கள். தப்பு என்று தெரிந்தும் செய்கிறார்கள். தெருமுனையில் எழுந்த தீயிலிருந்து காற்றில் பறந்த ஒரு பொறி எந்த வீட்டு ஜன்னலில் நுழையும் என்று யார் சொல்ல முடியும்?

<b>சவுக்கின் சங்கதி</b>

வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் பைன், பிர் என்று பிசின் உள்ள மரங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் சவுக்குக் கிளைதான். கடலோர மணலில் வளர்கிற மரம் அது. கரிசலில் அவ்வளவாகக் கிடையாது. காசு கொடுத்து வாங்குகிறார்கள். சவுக்கில் பைன் மாதிரி பிசின் இல்லையே என்று அலட்சியமாக இருக்க முடியாது. பச்சையாக இருக்கும்போதே எரியக்கூடிய விறகு அது. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் சென்னை மாகாணத்தில் சவுக்குத் தோப்புகளை வளர்த்ததே ரெயில் என்ஜினுக்கு எரிபொருள் வேண்டும் என்பதற்காக! ரெயிலையே ஓட்டிய விறகு, காய்ந்து நூல் நூலாக நிற்கும்போது சும்மா இருக்குமா? இடுக்கெல்லாம் காற்று. தீ ஏற வேறென்ன வேண்டும்?

அமெரிக்காவில் அரசாங்க ஆய்வு நிலையத்தில் ஒரு அறைக்குள் காய்ந்த பைன் மரத்தை வைத்துக் கொளுத்திப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் ஆவதற்குள் அறை முழுவதும் தீ. தண்ணீரில் நிறுத்திப் பச்சையாக வைத்திருந்த மரத்தில் அவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்கவில்லை. ஆக, வினை மரத்தில் இல்லை. அது காய்ந்ததில்தான் இருக்கிறது. இன்னும் வீட்டுக்குள் மரத்தை வைத்திருப்பவர்கள், "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடாமல் இருப்பது நல்லது.

<b>யானைக்குக் கொடுக்கிறார்கள்!</b>

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? நியூயார்க்கில் ஜனவரி மாதம் பூங்காக்களுக்கு மரத்தைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். இயந்திரத்தில் போட்டுத் தூள் தூளாக்கி, செடிகளின் அடியில் பரப்புகிறார்கள். பெர்லினில் விற்காமல் நின்றுபோன மரங்களை மிருகக்காட்சிச் சாலை யானைகளுக்குப் போடுகிறார்கள். யானை ருசித்துத் தின்கிறது. வீட்டில் அலங்காரம் செய்த மரத்தை மட்டும் வாங்குவதில்லை. கம்பியும் ஜிகினாவும் யானை வயிற்றுக்கு ஆகாது.

அச்சங்குளத்தில் இயந்திரமும் இல்லை, யானையும் இல்லை. அரிவாள் இருக்கிறது. அது போதும்.

முதலில் கம்பி, பல்பு, ஜிகினா, பஞ்சு எல்லாவற்றையும் பிரித்து எடுக்க வேண்டும். ஜிகினாவோடு அடுப்பில் வைத்தால் வருவது நச்சுப் புகை. தண்டைத் துண்டு போட்டால் விறகு. நீளமாக விட்டால் அவரைப் பந்தலுக்கு ஊன்றுகோல். உதிர்கிற நூலிழைகளைக் கத்தரிப் பாத்தியிலோ எருக்குழியிலோ போடலாம். மக்குவதற்கு நாளாகும்; ஆனால் மண்ணில் ஈரம் காக்கும். வீட்டில் இடம் இல்லாதவர்கள் சின்னதாக நறுக்கிச் சாக்கில் கட்டி, தூய்மைக் காவலர் வரும்போது மட்கும் குப்பையாகக் கையில் கொடுக்கலாம்.

வெடிக்காத வெடிக்கு ஒரு வாளித் தண்ணீர். நன்றாக ஊறவிட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும். மறுபடி பற்றவைத்துப் பார்க்கிற ஆசை வேண்டவே வேண்டாம்.

பிளாஸ்டிக் மரம் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள் சிலர். நாலைந்து வருஷத்துக்குத் தொல்லை இல்லை. அப்புறம் அதுவும் குப்பைமேட்டுக்குத்தானே வரும்? அது எரிந்தால் புகை இன்னும் மோசம்.

<b>ஊராட்சி என்ன செய்யலாம்?</b>

பழியை எல்லாம் ஜனங்கள் தலையில் போட்டுவிட்டுப் போவது நியாயம் இல்லை. பொது இடத்தில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம், மொத்தமாக எரித்தால் 25,000 என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் உத்தரவு போட்டது. அபராதத்தைச் சொல்லி மிரட்டினால் போதுமா? "எரிக்காதே" என்று சொல்லுகிறவர்கள், "எங்கே போட?" என்று கேட்டால் பதில் வைத்திருக்க வேண்டாமா?

சென்னையில் தீபாவளி முடிந்ததும் மாநகராட்சி பட்டாசுக் குப்பையைத் தனியாக அள்ளுகிறது. ஒரே தீபாவளிக்கு 200 டன்னைத் தாண்டியதும் உண்டு. அதை மற்ற குப்பையோடு கலக்காமல் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோய், அபாயக் கழிவுக்கென்று உள்ள இடத்தில் ஒப்படைக்கிறார்கள். வெடியை வாங்கி வெடிக்கிற ஊரில் இது நடக்கிறது. வெடி செய்கிற சீமையில் ஊருக்கு ஊர் நடக்க வேண்டாமா?

பெரிய திட்டம் எதுவும் தேவை இல்லை. புத்தாண்டுக்கு மறுநாள் தெருத் தெருவாக ஒரு வண்டி. வெடிக் குப்பை மட்டும். மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் இன்னொரு தடவை; மரம் மட்டும். இரண்டையும் ஒரே வண்டியில் போடக் கூடாது. முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயிலில் ஒரு அறிவிப்பு வாசித்தால் எல்லா வீட்டுக்கும் சேதி போய்விடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னால் பையன்கள் கேட்பார்கள். வீட்டில் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்பது வேறு கதை. தூய்மைக் காவலருக்குக் கையுறை கொடுக்க வேண்டும். அள்ளுகிற கையும் ஒரு மனுஷன் கைதான்.

இந்த வருஷம் வண்டி வரவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து குப்பைமேட்டில் கிடக்கும் கிளைகளை இழுத்து அப்புறப்படுத்த அரைமணி நேரம் ஆகாது. மார்கழி முடிய இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. விடியற்காலைக் குளிர் குறைந்தபாடில்லை.